குறடு என்று எழுதியிருந்தார்கள்

அந்த நோட்டீஸ் தபாலில் வந்தபோது என் நாற்காலியில் வடகரையிலிருந்து வந்த ஓர் அம்மாள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். போன சீசனில் ஐந்தருவிக்குப் போன இடத்தில், கடைகளுக்கு நடுவே பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒருவனிடம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கக் கொடுத்திருக்கிறாள். அவன் தலைப்பாகத்தை மட்டும் ஒடித்து எடுத்துக் கையில் கொடுத்துவிட்டான். வேர்கள் மூன்றும் ஈறுக்குள்ளேயே நின்றுவிட்டன. ஒரு வருஷமாகச் சீழ் வைத்து, வற்றி, மறுபடி வைத்துக்கொண்டிருந்தது. அவள் கணவர் கதவோரம் துண்டைக் கையில் சுற்றியபடி நின்றார்.

ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. நான் மதராஸில் பல் வைத்தியம் படித்துவிட்டுத் தென்காசியில், கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இரண்டு அறை எடுத்துத் தொழில் ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. படியேறி வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், "டாக்டர் எப்பம்மா வருவாக?" என்று கேட்பார்கள். "வந்தாச்சு, உக்காருங்க" என்பேன். சிலர் உட்காராமல் அப்படியே இறங்கிப் போய்விடுவார்கள். என்னுடன் இருந்தது ஒரே ஒருவர், மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். நோயாளியின் தலையை அவர் பிடித்தால் அது அசையாது.

என்னிடம் இருந்த கருவிகள் படிக்கிற காலத்தில் பழையதாக வாங்கியவை. ஒடிந்த வேரைப் பிடித்து எடுக்கும் மெல்லிய அலகுள்ள ஃபோர்செப்ஸ் ஒன்றுகூடக் கிடையாது. அதற்காகத்தான் ஜெர்மனிக்கு எழுதிப் போட்டிருந்தேன். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு இருந்த காலம். ஒரு பெட்டி சாமான் வரவழைக்க இறக்குமதி லைசென்ஸ் வேண்டும். அந்தக் காகிதத்துக்கே எட்டு மாதம் அலைந்தேன். லைசென்ஸில் 'அறுவைச் சிகிச்சைக் கருவிகள்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

கையைக் கழுவிவிட்டு உறையைப் பிரித்தேன். துறைமுகத்துச் சுங்க அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. எந்தத் துறைமுகம் என்று எழுதப் போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்றும் இருப்பார்கள். பெட்டியைத் திறந்து பார்த்ததில் உள்ளே குறடுகள், துளைபோடும் முனைகள், கைக்கண்ணாடிகள், கத்திகள் இருந்தன என்றும், இவை கைத்தொழில் சாமான்கள், அலங்காரச் சாமான்கள், வீட்டுக் கத்திகள் என்ற இனங்களில் அடங்கும் என்றும், இவற்றுக்கு என் லைசென்ஸ் செல்லாது என்றும், ஆகவே ஏன் பறிமுதல் செய்யக் கூடாது என்று காரணம் காட்ட வேண்டும் என்றும் டைப் அடித்திருந்தது.

சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, யாருக்கும் ஒடம்பு சரியில்லையா?" என்றார்.

"நம்ம பெட்டி துறைமுகத்துல நிக்குது சிஸ்டர். ஃபோர்செப்ஸை எல்லாம் கொறடுன்னு எழுதியிருக்காங்க."

"கொறடுன்னா?"

"ஆணி புடுங்குத கொறடு."

சிஸ்டர் சிரிக்க ஆரம்பித்து, நாற்காலியில் இருந்த அம்மாளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நான் சீழை வடித்து, பென்சிலின் ஊசி போட்டு, பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அவள் கணவர் தயங்கினார். "அங்கன போனா ரெண்டு நாளு பொழப்பு போயிரும்மா. நடவு நேரம். ஒங்க கருவி எப்ப வரும்?"

"பத்து நாள்ல வந்துரும்" என்றேன். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாளே ரயிலேறினேன். பெட்டியை எடுத்துத் தர அமர்த்தியிருந்த கிளியரிங் ஏஜென்ட் நல்ல மனிதர். காபி வாங்கிக் கொடுத்தார். "டாக்டரம்மா, இதெல்லாம் இங்க தெனம் நடக்குத காரியம். பறிமுதலுக்குப் பதிலா அபராதத்தக் கட்டுனா அடுத்த வாரம் பெட்டி ஒங்க வாசல்ல நிக்கும். வம்பு வளத்தியன்னா மழைக்கு முன்னால எடுக்க முடியாது."

"கட்டுனா கொறடு வாங்குனேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிராதா அண்ணாச்சி?"

"ஒத்துக்கிட்டா என்னம்மா? காயிதத்துலதான?"

காகிதத்தில்தான். ஆனால் என் ஐந்து வருஷப் படிப்புக்கும் கையில் கிடைத்தது ஒரு காகிதம்தான். வகுப்பில் பையன்கள் "கைக்கு வலு பத்தாது, நீ தையல் படிச்சிருக்கலாம்" என்று சொன்னபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டு பல்லைப் பிடுங்கிக் காட்டியிருக்கிறேன். தென்காசியில் படியேறி வந்து இறங்கிப் போனவர்களையும் பொறுத்துக்கொண்டேன். இப்போது அரசாங்கமே, நீ கையில் பிடித்திருப்பது வைத்தியக் கருவி இல்லை என்று முத்திரை குத்தி எழுதுகிறது. இன்றைக்கு நான் கட்டிவிட்டால் நாளைக்கு இந்தத் துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு பல் டாக்டரின் பெட்டியும் குறடுப் பெட்டிதான். ஏஜென்டிடம் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு அப்ரைசரைப் பார்க்கப் போனேன்.

அப்ரைசர் என்பவர் வந்து இறங்கும் சரக்கைப் பார்த்து, அது எந்த இனத்தில் சேரும், எவ்வளவு தீர்வை என்று சொல்லும் அதிகாரி. ஐம்பது வயதிருக்கும். மேஜையில் தீர்வை அட்டவணைப் புத்தகம் விரித்திருந்தது. நிமிர்ந்து பார்த்து, "டாக்டர் வரலையா?" என்றார்.

"நான்தான்."

அவர் காகிதத்தில் இருந்த என் கையெழுத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு ஃபோர்செப்ஸை எடுத்து இரண்டு முறை திறந்து மூடினார். "ரெண்டு கைப்பிடி. நடுவுல ஒரு ஆணி. முன்னால ரெண்டு தாடை. இதுக்குப் பேரு என்ன?"

"ஃபோர்செப்ஸ் சார்."

"எங்க புஸ்தகத்துல இதுக்குப் பேரு கொறடு." அடுத்து நீளக் காம்பின் முனையில் சின்னக் கண்ணாடி பதித்த கருவியை எடுத்தார். "இது?"

"வாய்க்குள்ள பாக்குத கண்ணாடி."

"கண்ணாடிதான? அலங்காரச் சாமான்."

அந்தக் கண்ணாடி நாலணா நாணயம் அளவுதான் இருந்தது. "இதுல எந்தப் பொம்பள சார் பொட்டு வைப்பா?" என்று கேட்டேன்.

பின்னால் உட்கார்ந்திருந்த குமாஸ்தா சிரித்துவிட்டார். அப்ரைசரின் முகம் கறுத்தது. புத்தகத்தை மூடி, "எழுத்துல பதில் குடுங்க, போங்க" என்றார். வெளியே வந்ததும் ஏஜென்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த ஒரு வார்த்த சொல்லாம இருந்திருந்தா பேசி முடிச்சிருப்பேன்ம்மா." இருக்கலாம். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

எழுத்தில் பதில் கொடுத்தேன். ஒவ்வொரு கருவியையும் படம் வரைந்து, எந்தப் பல்லுக்கு, எந்தப் பக்கத்துக்கு என்று குறித்து, மேலதிகாரி என்னை நேரில் விசாரிக்க வேண்டும் என்று கேட்டு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து இன்னொரு கடிதம். பதில் இல்லை. பத்து நாள் என்று சொன்னது இரண்டு மாதமாயிற்று. சாரல் தொடங்கி மாடி ஜன்னல் பலகைகள் ஊறி அடைக்க முடியாமல் போயின.

சிஸ்டரின் தங்கை வீட்டுக்காரர் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் சமையல் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் காலை சிஸ்டர் குடையை மடக்கும்போதே பேச ஆரம்பித்தார். "டாக்டரம்மா, சுங்கத்துல பெரிய அதிகாரி, உதவி கலெக்டராம், இங்கனதான் கேம்ப் வந்திருக்காராம். ஒரு வாரம் இருப்பாராம். ஒங்க பெட்டி அவருக்குக் கீழதான?"

அவருக்குக் கீழேதான். என் இரண்டு கடிதங்களும் அவர் பெயருக்குத்தான் போயிருந்தன.

"சிபாரிசுக்குப் போய் நிக்க மாட்டேன் சிஸ்டர்."

"சிபாரிசு எதுக்கு? எனக்கு மண்டையோட்டுல வச்சுக் காட்டிக்குடுத்தியள்லா, எந்தக் கருவி எங்க உக்காரும்னு? அவருக்கும் காட்டிக்குடுங்க."

படிக்கும்போது வாங்கிய மண்டையோடு ஒன்று என் அலமாரியில் இருந்தது. பற்கள் ஏறக்குறைய முழுதாக இருந்த நல்ல மண்டையோடு. ஆனால் முதல் நாள் அதை எடுத்துப் போகவில்லை. முதலில் விசாரணைக்கு நாள் வாங்க வேண்டும்.

பங்களாவுக்கு நாங்கள் போன நேரம் அதிகாரி அருவிக்குக் குளிக்கப் போயிருந்தார். வராந்தாவில் நின்றோம். அவர் தோளில் ஈரத் துண்டும் நெற்றியில் வழியும் தண்ணீருமாக வந்து எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டார். மதராஸ்காரர், மூக்குக்கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன்.

"ஆபீஸ் விஷயம் ஆபீஸ்ல வந்து பேசுங்கம்மா. இங்க நான் எதுவும் பார்க்க முடியாது."

"ஆபீஸுக்கு ரெண்டு கடிதம் எழுதினேன் சார். பதில் இல்ல. நேர்ல விசாரிக்கச் சொல்லிக் கேக்கலாம்னு உங்க நோட்டீஸ்லயே போட்டிருக்கு. நீங்க கேம்ப்னு வந்திருக்கீங்க. கேம்ப்னா ஆபீஸ் உங்ககூட வந்திருக்குன்னுதானே அர்த்தம்?"

சிஸ்டர் என் முந்தானையை இழுத்தார். அதிகாரி ப்யூனைக் கூப்பிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி மாட்டிக்கொண்டு, என் கடிதங்களின் நகல்களை நின்றபடியே முழுதும் படித்தார்.

"இது என் பார்வைக்கே வரலை" என்றார். "வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க. ஃபைலையும் பெட்டியையும் கொண்டுவரச் சொல்றேன்."

வியாழக்கிழமை மண்டையோட்டை ஒரு பூத்துவாலையில் சுற்றித் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். சீசன் கூட்டம். மேலகரத்தில் இன்னும் பத்துப் பேர் ஏறினார்கள். எண்ணெய் தேய்த்த உடம்புகளுக்கு நடுவே சிஸ்டர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் பையைத் தட்டிப் பார்த்து, "என்ன ஆச்சி, தேங்காயா? கீழ வையிங்க" என்றான். "ஒடஞ்சிரும்லே, நீ டிக்கெட்டக் கிழி" என்றார் சிஸ்டர்.

பங்களாவின் சாப்பாட்டு மேஜையில் பச்சைத் துணி விரித்திருந்தது. அதிகாரி கோட்டு போட்டு, டை கட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அப்ரைசர். அவ்வளவு தூரம் பெட்டியோடு ஜீப்பில் வரவழைக்கப்பட்டதில் அவருக்கு என்மேல் இருந்த கோபம் நன்றாகத் தெரிந்தது. நான் துவாலையைப் பிரித்து மண்டையோட்டை மேஜைமேல் வைத்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டார்.

"சார், இது என்ன அநாகரிகம்? சாப்பிடுத மேஜை!"

"இருக்கட்டும், உக்காருங்க" என்றார் அதிகாரி. "நீங்க சொல்லுங்க டாக்டர்."

சுங்கத் துறையில் அதுவரை என்னை யாரும் மரியாதைக்குக்கூட அப்படிக் கூப்பிட்டிருக்கவில்லை.

பெட்டியிலிருந்து மேல்கடைவாய்ப் பல்லுக்கான இரண்டு ஃபோர்செப்ஸை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மேல்கடைவாய்ப் பல்லுக்குக் கன்னத்துப் பக்கம் இரண்டு வேர், அண்ணத்துப் பக்கம் ஒரு வேர். கன்னத்துப் பக்க அலகில் ஒரு கூர் இருக்கும். அந்த இரண்டு வேருக்கு நடுவில் அது போய் உட்கார வேண்டும். ஆகவே வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று. வலப்பக்கத்துக் கருவியை வலப்பக்கப் பல்லில் வைத்துக் காட்டினேன். பொருந்தி நின்றது. அதையே இடப்பக்கத்தில் வைத்தேன். கூர் வேரில் இடித்து வழுக்கியது.

"நீங்களே வச்சுப் பாருங்க சார்."

அவர் எழுந்து வந்தார். மண்டையோட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு தானே வைத்துப் பார்த்தார். மாற்றி வைத்துப் பார்த்தார். வழுக்கியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல மறுபடி ஒருமுறை வைத்தார்.

"ஆணி புடுங்குத கொறடுக்கு வலது இடது உண்டா சார்?" என்று அப்ரைசரைப் பார்த்துக் கேட்டேன். அவர் புத்தகத்தைப் புரட்டினார்.

கண்ணாடியை மேல் முன்பல்லின் பின்புறம் பிடித்துக் காட்டினேன். அதிகாரி குனிந்து பார்த்து, "சரி" என்றார். துளைபோடும் முனைகளுக்கு வந்தோம். அப்ரைசர் அதில் ஒன்றை எடுத்து, "இது மரத்தைத் தொளைக்காதா?" என்று கேட்டார்.

"தொளைக்கும். பேனாவால காதுகூடக் குடையலாம் சார். அதுக்காகப் பேனாவுக்குக் காது குடையுற குச்சின்னு தீர்வை போடுவீங்களா?"

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். எல்லாம் எனக்குச் சாதகமாகவே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கத்திகள் வந்தன. மெழுகு செதுக்கவும், பல்செட்டு வார்க்கிற சுண்ணாம்பு மாவைச் சீவவும் வேண்டிய மூன்று கத்திகள்.

"இவை வாய்க்குள்ள போகுமா?" என்றார் அதிகாரி.

"போகாது சார். பல்செட்டு செய்யறதுக்கு."

"எங்க வச்சுச் செய்வீங்க?"

"மேஜையில."

"அப்போ உடம்புல படாத கத்தி. அறுவைச் சிகிச்சைக் கருவின்னு என்னால சொல்ல முடியாது டாக்டர்."

"அந்தக் கத்தி இல்லாம பல்செட்டு இல்ல. பல்செட்டு இல்லாம கிழவங்க கஞ்சிதான் குடிக்கணும். வைத்தியம் வாயோட முடிஞ்சிருமா சார்?"

"நீங்க சொல்றது நியாயம். ஆனா அட்டவணை நியாயத்தைக் கேக்காது" என்றார். அவர் முகத்தில் எரிச்சல் இல்லை, கேலியும் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. அரைமணி நேரம் வாதாடினேன். அவர் அசையவில்லை.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. ஃபோர்செப்ஸ், முனைகள், கண்ணாடிகள் யாவும் அறுவைச் சிகிச்சைக் கருவிகளே, லைசென்ஸ் செல்லும். கத்திகள் மூன்றும் வீட்டுக் கத்தி இனம், பறிமுதல், விரும்பினால் அபராதம் கட்டி மீட்டுக்கொள்ளலாம். நான் விரும்பவில்லை. மேல்முறையீடு செய்தேன், ஒரு வருஷம் கழித்து அதிலும் தோற்றேன். கத்திகளை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று எழுதிவிட்டு, சாப்பாட்டுக் கத்தி ஒன்றைச் சாணைபிடிக்கக் கொடுத்து அதிலேயே மெழுகு செதுக்கினேன். முதல் ஆறு மாதம் கை புண்ணாயிற்று.

உத்தரவுக்குப் பின்னால் பெட்டி வந்த அன்றே வடகரைக்குச் சொல்லியனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அந்தக் கணவர் மட்டும் வந்தார். சீழ் தாடைக்கு இறங்கி, காய்ச்சல் கண்டு, போன மாதம் பாளையங்கோட்டையில் சேர்த்து வெளியிலிருந்து கீறி எடுத்திருக்கிறார்கள். கன்னத்தில் தழும்பு விழுந்துவிட்டதாம்.

"பத்து நாள்னு சொன்னியளேம்மா" என்றார். குரலை உயர்த்தவில்லை.

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. அபராதம் கட்டியிருந்தால் கருவிகள் அடுத்த வாரமே வந்திருக்கும், அவள் கன்னத்தில் தழும்பு இருந்திருக்காது. இதை எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கட்டியிருக்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை. நோட்டீஸ் வந்த அன்றைக்கே அவர்களைக் கையோடு ரயிலேற்றிப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். என் வழக்கை நான் நடத்தியது சரி, அவளைக் காக்க வைத்தது தப்பு. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க நான் தயாரில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வடகரைக்குப் போய் அவளிடமே இதைச் சொன்னேன். அவள் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டு, "சரி, அந்தப் பக்கத்துலயும் ஒண்ணு ஆடுது, பாருங்க" என்று வாயைத் திறந்தாள்.

அதற்குப் பிறகு அறுபதுகளில் ஒன்று நடந்தது. என் உத்தரவைப் பற்றி ஏஜென்ட் யார் யாரிடமோ சொல்லியிருக்கிறார். முன்பின் தெரியாத ஊர்களிலிருந்து பல் டாக்டர்கள் கார்டு போட ஆரம்பித்தார்கள். எங்கள் பெட்டியையும் குறடு என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள், உங்கள் உத்தரவின் நகல் கிடைக்குமா என்று. பழைய டைப்ரைட்டர் ஒன்று வாங்கி, கார்பன் வைத்து நானே அடித்து அனுப்பினேன். சிஸ்டர் உறை ஒட்டுவார். எழுதினவர்களில் பாதிப் பேர் என்னை 'அன்புள்ள ஐயா' என்றுதான் அழைத்தார்கள். நான் திருத்தவில்லை, கீழே முழுப் பெயரையும் கையெழுத்தாகப் போட்டேன்.

அப்போதுதான் அந்த அப்ரைசரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பதவி உயர்ந்திருந்தார். அரசாங்க உத்தரவுகளை யாருடைய அனுமதியின்பேரில் பலருக்கும் அனுப்பி வருகிறீர்கள் என்று விளக்கம் கேட்டிருந்தார்.

அன்றைக்கே பதில் அடித்தேன். அந்த உத்தரவு என் பெயருக்கு வந்தது, அதைப் பூஜை அறையில் வைப்பதும் ஊருக்குக் காட்டுவதும் என் இஷ்டம், அதில் மறைக்க வேண்டிய வரி எது என்று குறித்து அனுப்பினால் அந்த வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு அடுத்த நகல்களில் சேர்க்கிறேன் என்று எழுதினேன். சிஸ்டர் படித்துப் பார்த்து, "கடேசி வரி வேண்டாம்ம்மா" என்றார். நான் எடுக்கவில்லை. அதை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. அந்த வாரம் மட்டும் நாலு பேருக்கு நகல் போயிற்று.